லிங்கன் ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி ஆயில் இன்ஜின்: நிறுவனத்தின் வரலாறு அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

முனிர்கா ரகு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். தில்லியில் என்னோடு ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் நண்பரின் குடும்பத்தார், மீரட்டுக்கும் ஹாபுடுக்கும் இடையிலுள்ள தங்கள் கிராமத்தில் மூன்று தலைமுறையாக மாவு மில் நடத்தி வந்தவர்கள். மின்சார மோட்டார் வந்த பிறகு ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய ஆயில் இன்ஜின் ஒன்று அங்கே தகரக் கொட்டகையில் இன்னும் நிற்கிறது. இடம் கைமாறப் போவதால் அதை மாயாபுரிக்கு ஏற்றிவந்து காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்திருக்க, நண்பர் மட்டும் அதைத் தன் பங்கு நிலத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு பலகையில் அதன் வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பலகைக்கான வாசகத்தை எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

இன்ஜினை நேரில் பார்த்தேன். படுக்கைவாக்கில் அமைந்த ஒற்றைச் சிலிண்டர். இரு பக்கமும் என் மார்பளவு உயரத்துக்கு வார்ப்பிரும்புச் சக்கரங்கள். பல்லாண்டு எண்ணெய்ப் பிசுக்கும் கோதுமை மாவுத் தூசியும் சேர்ந்து இறுகியிருந்த படலத்தை மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்துச் சுரண்டிய பிறகு பித்தளைத் தகடு ஒன்று வெளிப்பட்டது. ‘ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி லிமிடெட், லிங்கன், இங்கிலாந்து’ என்ற எழுத்துகள் தெளிவாக உள்ளன. அதன் கீழே இருக்கும் எண்கள் பாதி தேய்ந்துவிட்டன. ஊரில் எல்லாரும் அதை ‘ரஸ்தம்’ என்றே சொல்கிறார்கள்.

இந்த நிறுவனம் யாருடையது, எப்படித் தொடங்கியது, இப்போது இருக்கிறதா? ருடால்ஃப் டீசலுக்கு முன்பே டீசல் இன்ஜினைச் செய்தவர்கள் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தார்தாம் என்று இணையத்தில் பல இடங்களில் காண்கிறேன். அதைப் பலகையில் எழுதலாமா? இந்த இன்ஜின் ஏறக்குறைய எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டறிவது? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

துவாரகா நடராஜன் எழுதியது:

ரகு அவர்களுக்கு,

பணிக்காலம் முழுவதையும் பாசன பம்ப்புகளோடும் இன்ஜின்களோடும் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பெயரிலேயே இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. இரண்டுமே இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள லிங்கன்ஷயரைச் சேர்ந்தவை. ஆனால் ஊர் வேறு, சுபாவமும் வேறு. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற ஆலை நகரங்கள் அல்ல இவை. கோதுமையும் பார்லியும் விளையும் வயல்களுக்கு நடுவே அமைந்த சந்தை ஊர்கள். கதிரடிப்பதற்கும் சதுப்பு நிலத்தின் நீரை வடிப்பதற்கும் வேண்டிய இயந்திரங்களைச் செய்து கொடுத்தே அங்கிருந்த பட்டறைகள் தொழிற்சாலைகளாக வளர்ந்தன. லிங்கன் நகரத்தில் மட்டும் கிளேட்டன் அண்ட் ஷட்டில்வொர்த், ரோபி, ஃபாஸ்டர் என்று வரிசையாக இன்ஜின் கம்பெனிகள் இருந்தன என்றால் போட்டி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூத்தது ஹார்ன்ஸ்பி. ரிச்சர்ட் ஹார்ன்ஸ்பி 1815-இல் கிரான்தம் என்ற ஊரில் சீமன் என்ற கூட்டாளியோடு பட்டறை தொடங்கினார். (நியூட்டன் பள்ளியில் படித்ததும், மார்கரெட் தாட்சர் பிறந்ததும் அதே ஊர்தான்.) 1828-இல் சீமன் விலகிக்கொண்டதும் நிறுவனம் ஹார்ன்ஸ்பியின் பெயருக்கு வந்தது. கலப்பை, விதைப்புக் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் என்று தொடங்கி, குதிரை பூட்டி வயலுக்கு இழுத்துச் செல்லும் நீராவி இன்ஜின் வரை செய்தார்கள்.

இளையது லிங்கன் நகரத்து நிறுவனம். 1840-இல் பர்ட்டன், பிராக்டர் என்ற இருவர் தொடங்கிய சிறு பட்டறை அது. 1857-இல் ஜோசப் ரஸ்டன் என்ற இளைஞர் அதில் கூட்டாளியாகச் சேர்ந்தார். ஆர்டர் கையில் வந்த பிறகே இன்ஜின் செய்ய வேண்டும் என்பது அங்கிருந்த வழக்கம். ரஸ்டனோ, இன்ஜின்களை முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்தால்தான் அறுவடை நெருங்கும் நேரத்தில் ஓடிவரும் விவசாயிக்கு அன்றைக்கே கொடுக்க முடியும் என்றார். விற்காவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சிய பர்ட்டன் சில காலத்திலேயே விலகிவிட, நிறுவனம் ‘ரஸ்டன், பிராக்டர்’ ஆயிற்று. இந்த ஒரு முடிவைத்தான் நான் அந்த நிறுவனத்தின் உண்மையான தொடக்கம் என்று கருதுவேன். புதிய பொறி எதையும் ரஸ்டன் அன்று கண்டுபிடிக்கவில்லை. அதை விற்கும் முறையை மாற்றினார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ரஷ்யாவும் கிழக்கு ஐரோப்பாவும் வரை அவருடைய கதிரடிப்பு இயந்திரங்கள் போயின. நீராவியால் இயங்கும் மண்வெட்டும் இயந்திரங்களையும் செய்தார்; 1887 முதல் 1894 வரை மான்செஸ்டர் கப்பல் கால்வாயைத் தோண்டியபோது அவை பெருமளவில் பயன்பட்டன. லிங்கன் நகரத்தின் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்து 1897-இல் இறந்தார்.

கிரான்தம் ஊர்க்காரர்களின் போக்கு இதற்கு நேர்மாறானது. அவர்களுக்குப் புதுமையின் மேல் தீராத ஆசை. 1903-இல் பிரிட்டிஷ் போர்த்துறை ஒரு போட்டி வைத்தது: 25 டன் பாரத்தை இழுத்துக்கொண்டு, இடையில் எரிபொருளோ தண்ணீரோ நிரப்பாமல் 40 மைல் போகும் டிராக்டருக்கு ஆயிரம் பவுண்டு பரிசு. ஹார்ன்ஸ்பியின் ஆயில் டிராக்டர் 58 மைல் போய், பரிசையும் கூடுதல் தூரத்துக்கான ஊக்கத்தொகையையும் வாங்கியது. அடுத்த ஆண்டே அவர்களுடைய தலைமைப் பொறியாளர் டேவிட் ராபர்ட்ஸ், சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் சங்கிலிப் பட்டையின் மேல் ஓடும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். சேற்றிலும் மணலிலும் அது நடந்து காட்டியதை ராணுவ அதிகாரிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பாராட்டினார்கள், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வாங்கினார்கள், அத்தோடு மறந்தார்கள். வாங்குவார் இல்லாததால் முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு அந்தக் காப்புரிமையைச் சில ஆயிரம் பவுண்டுக்கு அமெரிக்காவின் ஹோல்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அந்த ஹோல்ட்தான் 1925-இல் பெஸ்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, இன்று சாலைப் பணி நடக்கும் இடமெல்லாம் நாம் காணும் மஞ்சள் நிறக் கேட்டர்பில்லர் ஆனது. போர் மூண்டு 1915-இல் முதல் டாங்கை உருவாக்க வேண்டி வந்தபோது, கிரான்தத்திலிருந்து சுமார் 25 மைல் தொலைவிலுள்ள லிங்கன் நகரத்து ஃபாஸ்டர் கம்பெனி தனக்கென்று புதிய பட்டையை வடிவமைத்துக்கொள்ள நேர்ந்தது.

போரின்போது ரஸ்டன் நிறுவனம் சாப்வித் கேமல் போர் விமானங்களை 1,500-க்கும் மேல் செய்து கொடுத்தது. 1918 செப்டம்பரில் இரு நிறுவனங்களும் இணைந்தன. ஆகவே உங்கள் தகட்டில் இரண்டு பெயர்களும் இருப்பதால் அந்த இன்ஜின் 1918-க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. டீசலைப் பற்றிய கேள்வி கொஞ்சம் சிக்கலானது. வேறு நண்பர்களும் எழுதட்டும்.

பட்பர்கஞ்ச் இளங்கோ எழுதியது:

நடராஜன் ஐயாவின் பதிவுக்கு நன்றி. டீசல் விவகாரத்தில் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்பவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லாமல் விட முடியாது.

யார்க்ஷயரில் 1864-இல் பிறந்த அவர், பிளெட்ச்லி என்ற ஊரில் தன் தந்தையின் இரும்பு, தகரப் பட்டறையில் இருந்தபடியே மண்ணெண்ணெய் போன்ற கனமான எண்ணெயால் இயங்கும் இன்ஜினைச் சோதித்துவந்தார். 1890 மே மாதத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உற்பத்தி உரிமையை 1891-இல் ஹார்ன்ஸ்பி வாங்கியது. 1892-இல் இன்ஜின் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் டீசலின் காப்புரிமை விண்ணப்பம் 1892 பிப்ரவரிக்கு உரியது. ஒழுங்காக ஓடும் இன்ஜினை அவர் ஆக்ஸ்பர்க் நகரில் காட்டியது 1897-இல். அதாவது டீசலின் இன்ஜின் ஓடத் தொடங்குவதற்கு ஐந்தாண்டு முன்பே கிரான்தத்தில் செய்த இன்ஜின்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டும் டைனமோவைச் சுழற்றிக்கொண்டும் இருந்தன. காற்றை மட்டும் உள்ளிழுத்தல், எண்ணெயைப் பம்ப்பால் உள்ளே பீய்ச்சுதல், மின்பொறியே இல்லாமல் பற்றவைத்தல் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி முதல் கம்பியில்லாச் செய்தியை அனுப்பியபோது, இங்கிலாந்தின் போல்டு நிலையத்தில் மின்சாரம் தந்ததும் ஹார்ன்ஸ்பி அக்ராய்ட் இன்ஜின்தான். இந்த வகையில் 32,000-க்கும் மேற்பட்ட இன்ஜின்கள் விற்றன என்கிறார்கள். இவ்வளவும் இருந்தும் உலகம் டீசலின் பெயரைத்தான் சொல்கிறது. பலகையில் தைரியமாக எழுதுங்கள்.

துவாரகா நடராஜன் எழுதியது:

இளங்கோ தந்திருக்கும் ஆண்டுகளில் எனக்கு மாறுபாடு இல்லை. அவற்றிலிருந்து அவர் வரும் முடிவில்தான் மாறுபடுகிறேன். இன்ஜின் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதைப் பார்த்தால்தான் இந்த வழக்கு தீரும்.

அக்ராய்ட் ஸ்டூவர்ட்டின் இன்ஜினில் சிலிண்டரின் பின்புறம் சுரைக்குடுக்கை போன்ற ஒரு வார்ப்பிரும்புக் குமிழ் இருக்கும். ஒடுங்கிய கழுத்தின் வழியாக அது சிலிண்டரோடு இணைந்திருக்கும். காலையில் இன்ஜினை எடுக்க வந்தவர், முதலில் ஊதுவிளக்கை ஏற்றி அந்தக் குமிழின் அடியில் வைத்துச் சில நிமிடம் காய்ச்ச வேண்டும். இரும்பு மங்கிய செந்நிறத்துக்கு வந்த பிறகு எண்ணெய்ப் பம்ப்பைக் கையால் ஒரு தட்டு தட்டி, சக்கரத்தைப் பிடித்து ஒரு வீசு வீசினால் இன்ஜின் இருமிக்கொண்டே கிளம்பும். காற்றை இழுக்கும் அடியிலேயே எண்ணெய் குமிழுக்குள் பீய்ச்சப்பட்டு ஆவியாகிவிடும். பிஸ்டன் திரும்பி வந்து காற்றைக் கழுத்து வழியாக உள்ளே நெருக்கும்போது, காற்றும் ஆவியும் எரியத்தக்க விகிதத்தில் கலந்த கணத்தில், சூடான சுவர் அதைப் பற்றவைக்கும். ஓடத் தொடங்கிய பிறகு விளக்கு வேண்டாம். எரிதலின் சூடே குமிழைக் காயவைத்துக்கொண்டிருக்கும். ஆனால் பாரமே இல்லாமல் நெடுநேரம் ஓடினால் குமிழ் ஆறி இன்ஜின் நின்றுவிடும். பாரம் மிகுந்தால் குமிழ் அளவுக்கு மீறிக் காய்ந்து, பற்றும் நேரம் முந்திக்கொண்டு, இன்ஜின் இடிக்கத் தொடங்கும். பக்கத்தில் நின்று கவனிக்க ஓர் ஆள் எப்போதும் தேவை.

டீசலின் எண்ணம் இதற்கு முற்றிலும் வேறானது. காற்றை மட்டும் முப்பது மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் நெருக்கினால், அந்த நெருக்கத்திலேயே காற்று கொதிக்கும் சூட்டை அடையும். அதில் எண்ணெயைச் செலுத்தினால் சூடான சுவரோ விளக்கோ இல்லாமலே எரியும். அவர் தேடியது திறன். 1897 சோதனையில் எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அச்சில் வேலையாகக் கிடைத்தது. அன்றைய நீராவி இன்ஜின்களோ குமிழ் இன்ஜின்களோ அந்த அளவை நெருங்கவில்லை. ஒருவர் எளிமையாகவும் மலிவாகவும் ஓடும் இன்ஜினைச் செய்தார், மற்றவர் குறைந்த எண்ணெயில் கூடுதல் வேலை வாங்கும் இன்ஜினைச் செய்தார் என்பதுதான் நியாயமான பங்கீடு. 1892-இலேயே ஹார்ன்ஸ்பி பட்டறையில் பார்ட்டன் என்ற பொறியாளர் குமிழை நீக்கி, அழுத்தத்தைக் கூட்டி, அழுத்தத்தால் மட்டுமே பற்றும் இன்ஜினை ஓட்டிக் காட்டினார் என்று சொல்வதுண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவராமல் குமிழ் இன்ஜினையே தொடர்ந்தது; விற்றுக்கொண்டிருக்கும் சரக்கை விட்டுவிட்டு விற்காத ஒன்றைத் தொடர எந்த முதலாளிக்கும் மனம் வராது.

இளங்கோவின் கட்சிக்கு ஆதரவாக ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். டீசலின் தொடக்ககால இன்ஜின்களில் எண்ணெயை உயர் அழுத்தக் காற்றின் துணையோடு ஊதிச் செலுத்தினார்கள். அதற்கென்று தனிக் கம்ப்ரசர் வேண்டும், செலவும் பழுதும் அதிகம். இன்று லாரியிலும் டிராக்டரிலும் இருப்பதோ காற்றுத் துணையில்லாமல் பம்ப்பால் நேரே பீய்ச்சும் முறை. அது கிரான்தத்து வழிக்குத்தான் நெருக்கம். ஆகவே இன்றைய டீசல் இன்ஜினில் இருவருக்கும் பங்குண்டு. பெயர் ஒருவருக்குப் போனது. அக்ராய்ட் ஸ்டூவர்ட் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து 1927-இல் அங்கேயே இறந்தார். டீசல் 1913-இல் கப்பலிலிருந்து காணாமற்போனவர். இருவருமே தங்கள் இன்ஜினால் நிம்மதியாக வாழ்ந்தவர்கள் என்று சொல்ல முடியாது.

மயூர் விஹார் வைதேகி எழுதியது:

நான் வழக்குரைஞர், இன்ஜினைப் பற்றி எதுவும் அறியேன். ஆனால் ரகு எழுதியிருந்த ‘ரஸ்தம்’ என்ற பெயரையும் மீரட் என்ற ஊரையும் பார்த்ததும் எங்கள் துறையில் எல்லாரும் படித்த ஒரு தீர்ப்பு நினைவுக்கு வந்தது. இந்நிறுவனத்தின் பெயருக்கு நம் பகுதியில் என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

‘ரஸ்டன்’ என்பது இங்கிலாந்து நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்திருந்த வணிகச் சின்னம். இந்திய நிறுவனம் ஒன்று ‘ரஸ்டம்’ என்ற பெயரில் டீசல் இன்ஜின்களைச் செய்து விற்றுவருவது 1955-இல் அவர்களுடைய கவனத்துக்கு வந்தது. நிறுத்தும்படி கடிதம் எழுதினார்கள், மறுப்பு வந்தது, வழக்குத் தொடுத்தார்கள். மீரட் கூடுதல் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், ‘ரஸ்டம்’ என்ற பெயர் ‘ரஸ்டன்’ என்பதோடு ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கிறது என்று ஏற்றுக்கொண்டாலும், ‘ரஸ்டம் இந்தியா’ என்று போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அவர்களுடைய இன்ஜின் இங்கிலாந்தில் செய்யப்படுவது, இவர்களுடையது இந்தியாவில் செய்யப்படுவது. ஆகவே ‘இந்தியா’ என்ற சொல்லே வேறுபாட்டைக் காட்டப் போதுமானது என்பது அதன் கருத்து.

உச்ச நீதிமன்றம் 1969 செப்டம்பரில் இதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ராமசுவாமி. பிறருடைய சரக்கு என்று நம்பவைத்து விற்பதைத் தடுக்கும் வழக்கு வேறு, பதிவு செய்த சின்னத்தையே மீறியதற்கான வழக்கு வேறு என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. முதல் வகையில், வாங்குபவர் ஏமாந்துபோகும்படி சரக்கு அமைந்திருக்கிறதா என்பது கேள்வி. இரண்டாம் வகையில், பதிவு செய்த சின்னத்தையோ அதன் சாயலையோ எதிராளி பயன்படுத்துகிறாரா என்பதே கேள்வி. சாயல் இருக்கிறது என்று முடிவான பிறகு, பின்னால் ‘இந்தியா’ என்று ஒட்டவைப்பதால் மீறல் நீங்காது என்பது தீர்ப்பின் சாரம். வணிகச் சின்ன வழக்குகளில் இது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

வழக்கறிஞர் கண்ணோடு பார்த்தால் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. சின்னத்தைப் பதிவு செய்த நிறுவனத்துக்கே இந்தியாவில் ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி (இந்தியா) என்ற துணை நிறுவனம் இருந்தது. அப்படியிருக்க ‘இந்தியா’ என்ற சொல் குழப்பத்தை நீக்கும் என்பது எப்படி? பெயரின் பின்னால் ‘இந்தியா’ என்று கண்டவர், ரஸ்டன் இப்போது இந்தியாவிலேயே செய்கிறார்கள்போலும் என்றுதான் எண்ணியிருப்பார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தத் துணை நிறுவனம் ஒரு தொழில் தகராறு வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. அந்தத் தீர்ப்பின் தலைப்பில் நிறுவனத்தின் பெயர் ‘ரஸ்டம் அண்ட் ஹார்ன்ஸ்பி’ என்றே அச்சாகியிருக்கிறது!

ஆகையால், ரகு, உங்கள் நண்பரின் ஊரார் ‘ரஸ்தம்’ என்று சொல்வதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். தகட்டைப் பார்த்துவிட்டது நல்லதாயிற்று.

முனிர்கா ரகு எழுதியது:

மூவருக்கும் நன்றி. வைதேகி அவர்கள் சொன்ன வழக்கை நண்பரிடம் சொன்னபோது, பக்கத்து ஊரில் அந்தக் காலத்தில் ஓடிய இன்ஜினைப் பற்றி அவருடைய தாத்தா, “அவனுடையது நகல், நம்முடையது அசல்” என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அது எந்த இன்ஜின் என்று கேட்கத்தான் இப்போது ஆள் இல்லை.

நடராஜன் ஐயா எழுதியதை வைத்து மறுபடியும் பார்த்துவந்தோம். சிலிண்டரின் பின்புறம் குமிழ் எதுவும் இல்லை. தட்டையான மூடியும், அதன் நடுவில் எண்ணெய் பீய்ச்சும் மூக்கும், அதற்கு வரும் தடித்த குழாயும் இருக்கின்றன. ஊதுவிளக்கு வைக்கும் தாங்கியும் இல்லை. வால்வைத் தூக்கிப் பிடிக்க ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. தகட்டில் நிமிடத்துக்கு 380 சுற்று என்பது தெரிகிறது. குதிரைத்திறன் எண் அழிந்துவிட்டது. வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களைப் படிக்க முடியவில்லை. நிறுவனம் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் யாராவது சொல்ல வேண்டுகிறேன்.

துவாரகா நடராஜன் எழுதியது:

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது குளிர்நிலையிலேயே கிளம்பும் இன்ஜின். அதாவது உண்மையான டீசல் வகை. நெம்புகோலால் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு சக்கரத்தை வேகம் எடுக்கும் வரை சுற்றி, வால்வை விட்டால், அழுத்தம் ஏறி முதல் வெடி வெடிக்கும். அந்த அளவுச் சக்கரத்தைச் சுற்ற இரண்டு பேராவது வேண்டியிருந்திருக்கும். இணைப்புக்குப் பிறகு ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி குமிழ் வகையைப் படிப்படியாகக் கைவிட்டு இந்த வகைக்கு மாறியது. படுக்கை இன்ஜின்களின் செழிப்பான காலம் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்டது. அதன் பிறகு நெட்டுக்குத்தாக நிற்கும், வேகம் கூடிய இன்ஜின்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆகவே உங்களுடையது 1920-களின் பிற்பகுதிக்கும் 1950-க்கும் இடையில் என்று பலகையில் எழுதினால் தவறாகாது. வரிசை எண் முழுதாகக் கிடைத்தால் ஆண்டையே சொல்லிவிடலாம். தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் தாளில் விழும்.

இந்த இன்ஜின்கள் நம் நாட்டில் ஏன் இவ்வளவு பரவின என்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. குறைந்த வேகத்தில் சுழல்வதால் தேய்மானம் குறைவு. கனமான சக்கரங்கள் இருப்பதால் அரவைக்கல்லில் தானியம் கூடினாலும் குறைந்தாலும் ஓட்டம் தடுமாறாது. கழற்றிப் பூட்ட ஊர்க் கொல்லரே போதும். மட்டமான குருடாயிலும் அதற்குச் சரிப்படும். தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் மில்லிலும் மீரட் பக்கத்து மாவு மில்லிலும் ஒரே லிங்கன் சரக்கு நின்றதற்கு இவைதான் காரணம். இங்கே அதை விற்றது பம்பாயில் 1859-இல் தொடங்கிய கிரீவ்ஸ் காட்டன் நிறுவனம். 1947-இல் அது தாப்பர் குழுமத்தின் கைக்கு வந்தது. வைதேகி அவர்கள் குறிப்பிட்ட துணை நிறுவனத்தின் தொழிற்சாலை புணேக்கு அருகிலுள்ள சிஞ்ச்வடில் இருந்தது. பிற்காலத்தில் அது கிரீவ்ஸிலேயே கலந்துவிட்டது.

இங்கிலாந்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1919 முதல் சில ஆண்டுகள் மோட்டார் கார் செய்து பார்த்தார்கள். கனமாகவும் விலை அதிகமாகவும் இருந்ததால் எடுபடவில்லை. மண்வெட்டும் இயந்திரத் தொழிலை 1930-இல் அமெரிக்காவின் பசைரஸ் ஈரியோடு பாதிக்குப் பாதி கூட்டாக்கி ரஸ்டன் பசைரஸ் என்று தனியே பிரித்தார்கள். சுரங்கங்களுக்கும் கல்குவாரிகளுக்கும் வேண்டிய சிறிய டீசல் ரயில் இன்ஜின்களை 1930-களில் ஏராளமாகச் செய்தார்கள். 1940-இல் கோல்செஸ்டரின் டேவி பாக்ஸ்மன் நிறுவனம் இவர்கள் வசம் வந்தது.

போருக்குப் பிறகு எடுத்த முடிவுதான் பெரிது. ஜெட் இன்ஜினைக் கண்டுபிடித்த ஃபிராங்க் விட்டிலின் குழுவில் இருந்த பாப் ஃபீல்டன் என்ற பொறியாளரை 1946-இல் அழைத்துவந்து, தொழிற்சாலைகளுக்கான காஸ் டர்பைனைச் செய்யச் சொன்னார்கள். கதிரடிப்பு இயந்திரம் செய்த ஊரில் அப்படி ஒரு முயற்சிக்குப் பணம் ஒதுக்குவது எளிதான காரியம் அல்ல. எண்ணெய் வயல்களிலும் குழாய்வழிகளிலும் கடலில் நிற்கும் துரப்பண மேடைகளிலும் அந்த டர்பைன்களுக்குச் சந்தை கிடைத்தது. 1966-இல் இங்கிலிஷ் எலக்ட்ரிக் நிறுவனம் ரஸ்டனை வாங்கியது. இரண்டே ஆண்டில் அதுவும் ஜிஇசி நிறுவனத்துக்குள் போனது. பின்னர் ஆல்ஸ்டம், 2003-இல் சீமென்ஸ். ஆயில் இன்ஜின் செய்த பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கைமாறியும் மூடியும் போயின. டர்பைன் பிரிவு மட்டும் லிங்கன் நகரத்திலேயே இன்றும் இயங்குகிறது. பெயர்ப்பலகையில் சீமென்ஸ் எனர்ஜி என்று இருக்கும்.

எனவே பலகையில் டீசலுக்கு முன்னோடி என்ற வாதத்தைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் நண்பரின் இன்ஜின் அந்த வாதத்துக்குச் சான்றும் அல்ல. அது டீசலின் வழியில் கிளம்புவது. நிறுவனத்தின் பெயர், 1918 இணைப்பு, இரண்டு ஊர்கள், கிரீவ்ஸ் வழியாக வந்த விவரம் இவை போதும். அதற்குக் கீழே எத்தனை ஆண்டு, எந்தெந்த ஊர்க் கோதுமையை அது அரைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அதை வேறு யாராலும் தர முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். பளபளப்பாக்குகிறேன் என்று யாரும் அந்தத் தகட்டை எமரித் தாளால் தேய்க்க விடாதீர்கள். மிச்சமிருக்கும் எண்ணும் போய்விடும். இன்ஜினைக் கிரேனில் தூக்கும்போது சக்கரத்தில் கயிறு போடக் கூடாது; அச்சு வளைந்துவிடும். அடித்தளப் போல்ட்டுகளைக் கழற்றி, உடலின் கீழே இரும்புச் சட்டம் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.

முனிர்கா ரகு எழுதியது:

பென்சில் வழி பலித்தது. ஓர் இலக்கம் கிடைத்துவிட்டது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்பதில்தான் ஐயம். தாளைப் படம் எடுத்து நாளை இங்கே இடுகிறேன், பாருங்கள். சட்டம் போட்டுத் தூக்கும் விவரத்தைக் கிரேன்காரரிடம் சொல்லிவிட்டோம். அதற்குத் தனிக் கூலி கேட்கிறார்.